உறைந்த தேனும் தெளியாத ஐயமும்

தை பிறந்ததும் நம் காக்ஸ் டவுன் வீடுகளில் ஒரு முறையீடு தவறாமல் எழுகின்றது. கோடை விடுமுறைக்கு ஊர் சென்றவர்கள் மார்த்தாண்டத்தில் வாங்கி, குழித்துறை நிலையத்தில் ஐலண்டு எக்ஸ்பிரஸ் ஏறிப் பத்திரமாகக் கொண்டு வந்த தேன், சில திங்கள் பொன்னிறப் பாகாகவே இருந்தது. மார்கழிக் குளிர் வந்ததும் புட்டியின் அடியில் வெண்மை தோன்றியது, பொங்கலுக்குள் கழுத்து வரை கட்டியாகிவிட்டது, கரண்டி இறங்கவில்லை. "சீனிப் பாகைக் காய்ச்சித் தேன் என்று நம் தலையில் கட்டிவிட்டான்" என்று வீட்டில் தீர்ப்புக் கூறப்படுகின்றது. சில வீடுகளில் அத்தேன் குப்பைக்கே போய்விடுகின்றது. அடுத்த ஆண்டு அதே கடைக்காரரிடம் யாரும் போவதில்லை.

இப்பகுதியைத் தொடர்ந்து படித்து வருபவர்களுள், மொட்டை மாடியில் ஒரு தேனீப் பெட்டி வைத்துப் பார்க்கும் அன்பர்கள் சிலர் உளர். அவர்கள் கேட்பது வேறொரு வினா: "தேனடையைக் கருவியில் இட்டு எவ்வளவு சுழற்றினாலும் பாதித் தேன் வெளிவராமல் கண்ணறைகளிலேயே நின்றுவிடுகின்றது, காரணம் யாது?"

இரண்டு வினாக்களுக்கும் விடை ஒன்றே. உறைதல் தேனின் குற்றமன்று, அதன் குணம். எந்தப் பூவின் தேன் எவ்வளவு விரைவில் உறையும் என்பதை அறிந்தவன் அதற்கேற்ப நடந்து நல்ல தேன் பெறுகின்றான். அறியாதவன் தேனையும் இழக்கின்றான். அதைத் தந்தவன் மீது வைத்திருந்த நம்பிக்கையையும் இழக்கின்றான். ஆதலின் இத்திங்கள் உறையும் தேனைப் பற்றியே விளக்கமாக எழுதலாம் என்று கருதினேன்.

நெய்யை எண்ணிப் பாருங்கள். குளிர் நாளில் நெய் உறைகின்றது. மணல் மணலாக உறைந்த நெய்யைக் கண்டால், "நல்ல நெய்" என்று பாராட்டுகின்றோம். தேங்காய் எண்ணெய் மார்கழியில் புட்டிக்குள் கட்டியாகின்றது. வெயிலில் வைத்து எடுத்துத் தலைக்குத் தேய்க்கின்றோம். யாரும் செக்குக்காரரைக் கள்ளன் என்பதில்லை. நாம் வாழும் இந்நாட்டுக் கன்னட மக்கள் தேனை 'ஜேனுதுப்ப' என்பர். துப்ப என்றால் நெய். தேனீயின் நெய் என்று பெயர் வைத்தவர்களுக்கு அது உறைவதில் வியப்பு இருந்திராது. நமக்கு மட்டும் தேன் என்றால் எந்நாளும் பாகாகவே ஒழுக வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ படிந்துவிட்டது.

ஏன் உறைகின்றது?

நூறு பங்கு தேனில் ஏறத்தாழ எண்பது பங்கு சர்க்கரையே. மீதியில் பெரும்பகுதி நீர். அந்தச் சர்க்கரையும் நாம் காப்பியில் இடும் கரும்புச் சர்க்கரை அன்று. பழச்சர்க்கரை எனப்படும் ஃபிரக்டோஸும் திராட்சைச் சர்க்கரை எனப்படும் குளுக்கோஸும் ஆகிய இரண்டே அதில் மிகுதி. இவ்விரண்டும் குணத்தில் வேறானவை. ஃபிரக்டோஸ் நீரில் எளிதில் கரைந்து, கரைந்தபடியே நிற்கும். குளுக்கோஸ் அவ்வளவு எளிதில் கரைவதில்லை. தேனிலுள்ள சிறிதளவு நீர், தான் தாங்கக் கூடியதற்கும் மேலாகக் குளுக்கோஸைச் சுமந்து கொண்டு நிற்கின்றது. வாய்ப்புக் கிடைத்ததும் அந்த மிகைச் சுமையை இறக்கிவிடுகின்றது. இறங்கிய குளுக்கோஸே நாம் காணும் வெண்ணிறப் படிகம்.

கணக்கில் பழகியவர்களுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. தேனிலுள்ள குளுக்கோஸின் அளவை நீரின் அளவால் வகுக்க வேண்டும். வரும் எண் 1.7க்குக் கீழ் இருந்தால் தேன் நெடுநாள் பாகாகவே நிற்கும், 2.1க்கு மேல் சென்றால் விரைந்து உறையும். நூற்றுக்கு 31 பங்கு குளுக்கோஸும் 19 பங்கு நீரும் உள்ள தேனுக்கு எண் 1.63, அஃது எளிதில் உறையாது. 36 பங்கு குளுக்கோஸும் 17 பங்கு நீரும் இருந்தால் எண் 2.12, அஃது சில வாரங்களிலேயே கட்டியாகும். இரண்டும் தூய தேனே. வேறுபாடு பூவிலிருந்து வந்தது.

உறைவதற்கு ஒரு தொடக்கப் புள்ளியும் வேண்டும். பால் தயிராக உறைமோர் வேண்டுவது போலத் தேனுக்கும் ஒரு சிறு பற்றுக்கோடு தேவைப்படுகின்றது. மகரந்தத் துகள், மெழுகுத் துணுக்கு, காற்றுக் குமிழி, பழைய அடையில் ஒட்டியிருந்த சென்ற ஆண்டின் படிகம் ஆகிய எதுவும் அதற்குப் போதும். தட்பவெப்பமும் முக்கியம். 14 டிகிரி செல்சியசை ஒட்டிய குளிரில் தேன் மிக விரைவாக உறையும். வெப்பம் மிகுந்தால் உறைதல் தாமதமாகும். மிகுந்த குளிரிலும் தேன் தடித்துப் போவதால் படிகம் வளர்வது மெதுவாகும்.

காக்ஸ் டவுன் முறையீட்டின் மர்மம் இங்கேதான் வெளிப்படுகின்றது. மார்த்தாண்டத்தில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழ் இறங்குவது அரிது. பெங்களூரிலோ மார்கழி, தை இரவுகளில் 15, 16 டிகிரி இயல்பு. தேன் உறைவதற்கு மிக ஏற்ற குளிரை நம் அடுக்களை அலமாரியே அளித்துவிடுகின்றது. ஊரில் அண்ணன் வீட்டுப் புட்டி பாகாகவும், அதே பெட்டியிலிருந்து எடுத்துத் தங்கைக்குக் கொடுத்தனுப்பிய புட்டி இங்கே கட்டியாகவும் இருந்தால், ஏமாற்றியவர் யாருமில்லை. இடம் மாறியதே காரணம்.

ரப்பர்த் தோட்டத்துத் தேன்

மார்த்தாண்டத்துத் தேன் உறைவதற்கு இடத்தைத் தவிர அதன் பிறப்பும் காரணமாகும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை ஆகிய ஊர்களைச் சூழ ரப்பர்த் தோட்டங்கள் பரந்துள்ளன. ரப்பர் மரம் மார்கழியை ஒட்டி இலை உதிர்க்கின்றது. பின்னர் புதுத்தளிர் விடுகின்றது. ஒரு காம்பில் மூன்று இலைகள் கூடும் இடத்தில் சிறு தேன்சுரப்பிகள் உள்ளன. தளிர் முற்றும் நாள்களில் அவற்றிலிருந்து இனிப்பு நீர் கசிகின்றது. தை முதல் பங்குனி வரை தேனீக்கள் பெரும்பாலும் பூவை நாடாமல் இந்த இலைக்காம்புகளையே நாடி மொய்க்கின்றன. பெட்டித் தேனீ வளர்ப்போர் அப்போது பெட்டிகளைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்று வைப்பர். அம்மாவட்டத்தின் பெருவிளைச்சல் இதுவே. இத்தேன் விரைந்து உறையும் இயல்புடையது.

இத்தொழில் அங்கே வேரூன்றிய வரலாறும் அறியத்தக்கது. பாதிரியார் நியூட்டன் தென்னாட்டுத் தேனீக்கு ஏற்ற சிறிய மரப்பெட்டி ஒன்றை வகுத்து, 1911 முதல் 1917 வரை ஊர் மக்கள் பலருக்குப் பயிற்சி அளித்தார். 'நியூட்டன் பெட்டி' என்ற பெயர் இன்றும் நிலைத்துள்ளது. 1920களில், அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரகச் சீரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், சிறு உழவர்களுக்கு ஏற்ற துணைத்தொழில்களுள் ஒன்றாகத் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். பின்னாளில் வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. 1956இல் அவ்வட்டாரம் தமிழ்நாட்டோடு இணைந்தது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் கொடிய நச்சுயிரி நோய் தென்னாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை வெறுமையாக்கியது. எஞ்சிய சில கூட்டங்களிலிருந்து தொழிலை மீண்டும் எழுப்பியவர்கள் அவ்வூர் மக்கள். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. இத்தனைக்கும் பிறகு, "சர்க்கரையாகிவிட்டது" என்ற ஒரே சொல்லால் அவர்தம் உழைப்பு தள்ளப்படுகின்றது.

உறையும் தேன் மார்த்தாண்டத்துக்கு மட்டும் உரியதன்று. வடநாட்டில் பரத்பூர், ஆள்வார் பகுதிகளில் மார்கழி, தை மாதங்களில் மஞ்சள் கடலாகக் கடுகு பூக்கின்றது. கடுகுத் தேன் சில வாரங்களிலேயே வெண்ணெய் போல் வெளுத்து உறைந்துவிடும். நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் தேனில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஐரோப்பாவிலும் கனடாவிலும் கடுகின் இனமான ரேப் என்னும் எண்ணெய்ப்பயிர் பூக்கின்றது. அதன் தேன் கூட்டுக்குள்ளேயே உறையத் தொடங்கும். அங்குள்ள வளர்ப்போர் பூ முற்றிலும் உதிரும் வரை காத்திருப்பதில்லை. நாளைக் கணக்கிட்டு எடுத்துவிடுவர். அவ்வூர்க் கடைகளில் உறைந்த தேனே விரும்பி வாங்கப்படும் பண்டம். ரொட்டியில் தடவினால் ஒழுகாது என்பது அதன் சிறப்பு.

எடுக்கும் முறை

இனிப் பெட்டி வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். நம் நகரத்தில் மாசி, பங்குனியில் புங்க மரமும் வேம்பும் பூக்கும் காலமே தேன் சேரும் நற்காலம். நகரத் தேனீ பல மரங்களை நாடுவதால், இத்தேன் இத்தனை நாளில் உறையும் என்று வரையறுத்தல் இயலாது. ஆயினும் விரைவில் உறையக் கூடும் என்று எண்ணியே வேலையைத் திட்டமிடுதல் நலம். அவ்வாறு செய்பவனுக்கு நட்டமொன்றும் இல்லை.

முதலாவது, காலம். நியூட்டன் பெட்டியில் கீழே புழுக்கள் வளரும் அடுக்கும், மேலே தேனுக்கென உயரம் குறைந்த சட்டங்கள் கொண்ட அடுக்கும் உள்ளன. மேலடுக்குச் சட்டத்தில் நான்கில் மூன்று பங்கு கண்ணறைகள் மெழுகால் மூடப்பட்டிருந்தால் தேன் முதிர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். மூடாத கண்ணறைகளில் உள்ள தேனையும் சோதிக்க வழியுண்டு. சட்டத்தைக் கிடையாகப் பிடித்து ஒரு முறை வெடுக்கென உதறுங்கள். துளிகள் சிதறினால் தேன் இன்னும் நீர்த்துள்ளது, காத்திருங்கள். சிதறாவிட்டால் எடுக்கலாம். எல்லாக் கண்ணறையும் மூடட்டும் என்று பல வாரம் தாமதித்தால், முதலில் மூடப்பட்டவை உறையத் தொடங்கிவிடும். "சுழற்றினாலும் வரவில்லை" என்ற முறையீட்டிற்குப் பெரும்பாலும் இத்தாமதமே காரணம்.

இரண்டாவது, சூடு. கூட்டின் நடுவே தேனீக்கள் ஏறத்தாழ 35 டிகிரி வெப்பத்தைக் காக்கின்றன. அந்த வெப்பத்தில் தேன் எளிதில் ஒழுகும். சட்டத்தை வெளியே எடுத்து ஓரிரவு வைத்தால் தேன் தடித்துவிடும். மறுநாள் கருவியைச் சுழற்றினால் அடை உடையும், தேன் வராது. ஆதலின் வெயில் ஏறும் நேரத்தில் சட்டங்களை எடுத்து, அன்றே மெழுகு மூடியைச் சீவி, அன்றே சுழற்றி, அன்றே வடிகட்டி முடித்தல் வேண்டும். ஒரு நாள் வேலையை இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டா. கருவியை இரவல் வாங்குபவர்கள், அது கைக்கு வந்து சேர்ந்த பின்னரே சட்டத்தில் கை வைக்க வேண்டும்.

மூன்றாவது, தூய்மை. தேன் வடிந்த வெற்றடைகளை மாலையில் மீண்டும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். தேனீக்கள் எஞ்சிய தேனை நக்கித் துடைத்துவிடும். நக்காமல் எடுத்து வைத்த அடையில் நுண்ணிய படிகங்கள் தங்கி, அடுத்த பருவத்துப் புதுத்தேனுக்கு உறைமோர் ஆகிவிடும்.

அடையிலேயே உறைந்துவிட்ட தேனை என் செய்வது? அதை வலிந்து சுழற்றலாகாது. மூடிகளைக் கீறி, வெதுவெதுப்பான நீரை இலேசாகத் தெளித்து, ஆனி முதல் புரட்டாசி வரை பூக்கள் அருகும் மழைநாள்களில் தேனீக்களுக்கே கொடுக்கலாம். நீர் கிடைத்தால் அவை படிகத்தைக் கரைத்து உண்டுவிடும். அக்காலத்தில் சீனிப் பாகு வாங்கிக் கொடுக்கும் செலவு மிச்சம். அடை பழையதாயின், அதனைத் துண்டாக்கி ஒரு பாத்திரத்திலிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து இளக்கி வடித்தெடுக்கலாம். அத்தேனை வீட்டுச் சமையலுக்கு வைத்துக் கொள்ளலாம்.

வடித்தலும் புளித்தலும்

சுழற்றிய தேனை முதலில் பெரிய கண்ணுள்ள வலையிலும், பின்னர் மெல்லிய துணியிலும் வடிகட்டுங்கள். இதையும் இளஞ்சூடு உள்ளபோதே செய்தல் வேண்டும்; உறையத் தொடங்கிய தேன் துணியை அடைத்துக் கொள்ளும். வடித்த தேனை மூடிய பாத்திரத்தில் ஓரிரு நாள் அசையாமல் வைத்தால் மெழுகும் நுரையும் மேலே வரும். அவற்றை நீக்கிவிட்டு, ஈரமில்லாத புட்டிகளில் நிரப்ப வேண்டும்.

உறைதலால் தேன் கெடுவதில்லை என்றேன். ஆயினும் உறைந்த தேனுக்கு ஓர் ஆபத்து உண்டு; அதை மறைத்தல் தகாது. படிகமாகும் குளுக்கோஸ் தன்னோடு சிறிதளவு நீரையே எடுத்துச் செல்கின்றது. மீதி நீர் முழுவதும் படிகங்களுக்கு இடையே நிற்கும் பாகில் சேர்ந்து அதனை மேலும் நீர்க்கச் செய்கின்றது. எல்லாத் தேனிலும் இயல்பாக உள்ள நொதிகள் அந்த நீர்த்த பாகில் பெருகினால் தேன் புளித்துவிடும். நூற்றுக்கு 17 பங்குக்குக் குறைவாக நீர் உள்ள தேன் புளிப்பதில்லை. 20 பங்குக்கு மேல் இருந்தால் எப்போதும் அச்சமே. உணவுப் பாதுகாப்பு விதிகளும் 20 பங்கையே மேல்வரம்பாக வைத்துள்ளன. நம் இந்தியத் தேனீயின் தேனில், சிறப்பாக ரப்பர்த் தேனில், நீர் இவ்வரம்பைத் தாண்டுவது உண்டு. அத்தேன் சீராக உறையாமல், அடியில் மணல் போலவும் மேலே நீர்த்த பாகாகவும் பிரிந்து நிற்கும். இக்காரணத்தாலேயே தேன் பதப்படுத்தும் நிலையங்களில் அதனை 60 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, நொதிகளை அழித்து, நீரைக் குறைத்து அடைக்கின்றனர்.

வீட்டில் இருப்போர் செய்ய வேண்டுவது எளிது. மேலே பாகும் கீழே கட்டியுமாகப் பிரிந்த தேனை, உலர்ந்த கரண்டியால் நன்கு கலக்கி, முதலில் செலவிட்டு விடுங்கள். மேலே நுரை கட்டி, புளித்த வாடை வீசினால் அது கெட்ட தேன். அடி முதல் மேல் வரை ஒரே சீராக உறைந்து, மணம் மாறாதிருந்தால் அது நல்ல தேன்.

வெண்ணெய் போல் உறைய வைத்தல்

உறைவதைத் தடுக்க முடியாத இடத்தில், அழகாக உறையச் செய்யலாம். தானே உறையும் தேனில் படிகங்கள் பெரிதாகி நாவில் நறநறக்கும். அதற்கு முன்பே நுண்ணிய படிகங்களைக் கலந்துவிட்டால், தேன் முழுவதும் அதே நுண்மையோடு வெண்ணெய் போல் உறையும். இம்முறையை ஆராய்ந்து வகுத்தவர் கார்னல் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய எல்டன் டைஸ் என்பவர். 1935இல் அவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. அவர் முறையில், தேனைச் சூடாக்கி இருந்த படிகங்களைக் கரைத்து, வடிகட்டி, விரைந்து ஆற்றி, நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு நுண்படிகத் தேனைக் கலந்து, 14 டிகிரிக் குளிரில் சில நாள் வைப்பர்.

நாம் வீட்டில் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். மழமழவென உறைந்த நல்ல தேன் ஒரு பங்கு எடுத்து, அம்மியிலோ கல்வத்திலோ ஈரமின்றி அரைத்து மாவு போலாக்குங்கள். பத்துப் பங்கு பாகுத் தேனில் அதைக் கலந்து, காற்றுக் குமிழி சேராமல் மெல்லக் கிளறுங்கள். பாகுத் தேன் சூடாக இருந்தால் விதைத் தேன் கரைந்து வீணாகும். நன்கு ஆறிய பின்னரே கலக்க வேண்டும். பின்னர் குளிர்ந்த மூலையில் வைத்துக் காலையும் மாலையும் ஒரு முறை கிளறி வாருங்கள். தேன் வெளுத்துத் தடிக்கத் தொடங்கியதும் புட்டியில் நிரப்பி அசையாமல் வைத்துவிடுங்கள். வேறு ஊரில் இதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் துணை தேவைப்படும். பெங்களூரில் மார்கழி இரவே போதும். நீர் மிகுந்த தேனை மட்டும் இவ்வாறு செய்யாதீர்கள், புளித்துவிடும்.

உறைந்ததை இளக்குதல்

பாகாகவே வேண்டும் என்பவர்கள் உறைந்த புட்டியை அடுப்பின் மேல் நேரே வைக்கலாகாது. கை பொறுக்கும் சூடுள்ள, அதாவது 40 முதல் 45 டிகிரி வரையுள்ள நீரில் கண்ணாடிப் புட்டியை மூடியைத் தளர்த்தி நிறுத்தி, நீர் ஆறியதும் மாற்றி மாற்றி வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்திருங்கள். பொறுமையோடு இளக்கிய தேன் மணம் மாறாது. கொதிக்க விட்ட தேன் கறுக்கும்; அதன் நொதிச்சத்துக்கள் அழியும்; எச்.எம்.எஃப். எனப்படும் பொருள் அதில் மிகும். தேன் எவ்வளவு சூடு கண்டது என்பதை ஆய்வுக்கூடங்கள் இப்பொருளைக் கொண்டே அறிகின்றன. ஒரு கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது நம் நாட்டு விதி. குளிர்சாதனப் பெட்டியில் தேனை வைப்பது வேண்டா. இன்னொன்றும் நினைவிற் கொள்க: சூடாக்கினாலும் ஆக்காவிட்டாலும் ஓர் ஆண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது என்பது மருத்துவர் அறிவுரை. தேனில் இருக்கக் கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துக்கள் வீட்டுச் சூட்டில் அழிவதில்லை. அவை சிறு குழந்தையின் குடலில் நஞ்சாக மாறக் கூடும். சேனை தடவும் வழக்கமுள்ள வீட்டார் இதைக் கருத்தில் கொள்வாராக.

எது சோதனை?

தேனைச் சோதிக்க நம் வீடுகளில் பல முறைகள் வழங்குகின்றன. நீரில் விட்டால் கரையாமல் அடியில் நிற்க வேண்டும். காகிதத்தில் விட்டால் ஊறக் கூடாது. தீக்குச்சியில் தோய்த்தால் எரிய வேண்டும். எறும்பு மொய்க்கக் கூடாது. நாய் நக்கக் கூடாது. இவற்றுள் முதல் மூன்றும் தேனின் தடிப்பையும் ஈரத்தையும் மட்டுமே காட்டும். தடித்த சீனிப் பாகு இவற்றில் எளிதில் தேறிவிடும். சற்றே நீர் மிகுந்த தூய மார்த்தாண்டத் தேன் தோற்றுவிடும். எறும்பும் நாயும் சொல்லும் சாட்சியத்தில் பொருளே இல்லை.

2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கடைகளில் விற்ற 13 வணிகப் பெயர்களின் தேன்களை ஜெர்மனிக்கு அனுப்பி, அணுக்காந்த ஒத்ததிர்வு என்னும் உயர் சோதனைக்கு உட்படுத்தியதில் மூன்றே தேறின என்று அந்த ஆய்வு கூறியது. நம் நாட்டு வழக்கமான சோதனைகளில் அகப்படாதவாறே சில பாகுகள் தயாரிக்கப்படுகின்றன என்றும் அது சுட்டியது. நிறுவனங்கள் சில அதை மறுத்தன. அவ்வழக்கின் முடிவு எதுவாயினும் நாம் அறிய வேண்டுவது ஒன்று: ஆய்வுக்கூடத்திற்கே தண்ணீர் காட்டக் கூடிய பாகு, நம் வீட்டுத் தீக்குச்சிக்கு அஞ்சப் போவதில்லை.

உறைந்திருப்பதே தூய்மைக்குச் சான்று என்றும் சொல்ல மாட்டேன். சில சர்க்கரைப் பாகுகளும் உறையும். உறையாதிருப்பதே கலப்படத்திற்குச் சான்று என்றும் சொல்லலாகாது. ஃபிரக்டோஸ் மிகுந்த பூக்களின் தேன் ஆண்டுக்கணக்கில் பாகாக நிற்கும். நான் கூறுவது இவ்வளவே: உறைந்தது என்ற ஒரே காரணத்திற்காக ஒருவனைக் கள்ளன் என்று தள்ளாதீர்கள். அவ்வாறு தள்ளுவதன் விளைவு என்ன தெரியுமா? கொள்வோர் பாகையே கேட்கின்றனர் என்று கண்ட விற்பனையாளர், தேனை மிகுதியாகச் சூடாக்குகின்றார். அல்லது உறையாத வேறு பாகைத் தேடிப் போகின்றார். நேர்மையாக வடித்து, சூடாக்காமல் புட்டியில் அடைத்துத் தருபவனுக்கு விலை கிடைப்பதில்லை. ஐயப்படும் நாமே நம்மை அறியாமல் கலப்படத்திற்கு வழி திறந்து விடுகின்றோம்.

ஆகையால் தேன் வாங்கும்போது, "உறையுமா?" என்று கேட்பதை விடுத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த ஊர்த் தேன்? எந்த மாதம் எடுத்தது? அப்போது என்ன மரம் பூத்தது அல்லது தளிர்த்தது? உண்மையாகத் தேன் எடுத்தவன் இவற்றுக்குத் தயங்காமல் விடை கூறுவான். தை, மாசியில் எடுத்த ரப்பர்த் தேன் என்றால், "குளிரில் உறையும் ஐயா, பயப்படாதீர்கள்" என்று அவனே முன்கூட்டிச் சொல்வான். சொந்தமாகப் பெட்டி வைத்திருப்போர் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக் கொள்ளுங்கள். தேன் எடுத்த நாள், பூத்திருந்த மரம், புட்டி உறையத் தொடங்கிய நாள் ஆகிய மூன்றையும் எழுதி வாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் உங்கள் மாடித் தேனின் குணம் உங்களுக்கே விளங்கிவிடும். ஐயம் மிகுந்தால் ஹெப்பாளத்தை அடுத்துள்ள வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ ஆய்வுத் துறை இருக்கின்றது. அங்கே ஆண்டுதோறும் நடைபெறும் வேளாண் விழாவிற்குச் செல்பவர்கள் நேரிலேயே கேட்டுத் தெளியலாம்.

இத்தையிலும் உங்கள் வீட்டுப் புட்டியில் தேன் உறைந்திருந்தால், அதைக் கொட்டாதீர்கள். சூடான தோசையின் மேல் ஒரு கரண்டி எடுத்து வைத்துப் பாருங்கள். ஒழுகாமல் நின்று மெல்ல உருகும். குழந்தைகள் மறுபடியும் கேட்பார்கள்.

தேன் எடுத்த பின் மிஞ்சும் மெழுகை வீட்டிற்குப் பயன்படுத்தும் விதங்களை அடுத்த இதழில் காண்போம்.